பாக்டீரியாவும் ஆர்க்கியாவும்: செல் அமைப்பு, பரிணாமம், மருந்து எதிர்ப்பு

தொண்டை வலியும் காய்ச்சலுமாக வரும் ஒருவருக்கு மருத்துவர் சில வேளைகளில் ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை எழுதுகிறார்; வேறு சில வேளைகளில் ஏறக்குறைய அதே அறிகுறிகளுக்கு அதை எழுத மறுக்கிறார். புறநோயாளிகள் பிரிவில் இதனால் எழும் மனக்குறை சிறிதன்று. "போன முறை அந்த மாத்திரையில்தானே சரியாயிற்று, இந்த முறை ஏன் தரவில்லை?" என்ற கேள்விக்கு, வரிசையில் இன்னும் அறுபது பேர் காத்திருக்கும் வேளையில் முழுமையான விடை சொல்ல இயலுவதில்லை. அந்த விடை, பாக்டீரியா என்னும் ஒற்றைச் செல் உயிரி எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதிலும், அது தலைமுறைதோறும் எவ்வாறு மாறிவருகிறது என்பதிலும் அடங்கியிருக்கிறது. தோற்றத்தில் பாக்டீரியாவை ஒத்திருந்தும் உறவுமுறையில் அதற்கு வெகு தொலைவில் நிற்கும் ஆர்க்கியா என்னும் உயிரிகளையும் சேர்த்துப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும்.

பாக்டீரியா செல்லுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பகுதிகளாகப் பகுத்தால் ஒரு பகுதி ஒரு மைக்ரோமீட்டர். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளம் உடையது; ஐந்நூறு பாக்டீரியாக்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். இவ்வுயிர்களை முதன்முதலில் கண்டவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த லேவன்ஹூக். மிளகு ஏன் காரமாக உள்ளது என்று அறிய விரும்பி, 1676ஆம் ஆண்டில் மிளகை ஊறவைத்த நீரைத் தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியே அவர் நோக்கினார். காரத்தின் காரணம் அவருக்குத் தென்படவில்லை. நீந்தித் திரியும் மிக நுண்ணிய உயிர்கள் தென்பட்டன.

நம் உடலின் செல்லில் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள், உட்கரு என்ற உறைக்குள் பாதுகாக்கப்பட்டுள்ளது. பாக்டீரியாவில் அத்தகைய உறை இல்லை. பெரும்பாலும் வளையமாக உள்ள ஒரே டி.என்.ஏ. இழை, செல்லின் நடுவே சுருண்டு கிடக்கிறது. ஈ. கோலையின் இழையில் சுமார் 46 இலட்சம் மரபு எழுத்துகள் உள்ளன. நீட்டிப் பிடித்தால் அது ஒன்றரை மில்லிமீட்டர் வரும், அதாவது அந்த உயிரியின் நீளத்தைப் போல் எழுநூறு மடங்கிற்கும் மேல். உட்கரு இல்லாமை பாக்டீரியாவுக்கு ஒரு குறையன்று. மரபுச் செய்தி படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே புரதத் தயாரிப்பும் தொடங்கிவிடுவதால் அதன் வேலைகள் விரைந்து நடைபெறுகின்றன. நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும்.

மருத்துவருக்கு மிகவும் பயன்படும் உறுப்பு எது என்று கேட்டால், நான் செல்சுவரையே சொல்வேன். பாக்டீரியாவின் உள்ளே உப்புகளும் புரதங்களும் செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் இடைவிடாமல் உள்ளே புக முயல்கிறது. தடித்த சுவர் கொண்ட சில வகைகளில் இந்த உள்ளழுத்தம் மகிழுந்தின் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைவிடப் பல மடங்கு மிகுதி. அந்த அழுத்தத்தைத் தாங்குவது பெப்டிடோகிளைக்கான் என்னும் வலை. சர்க்கரை மூலக்கூறுகளின் நீண்ட இழைகளைக் குறுகிய புரதத் துண்டுகள் குறுக்கே முடிச்சிட்டு இணைத்திருக்கும். மீன்வலையின் பின்னலை நினைத்துக்கொள்ளலாம். பாக்டீரியா வளரும்போது இவ்வலையை ஆங்காங்கே அறுத்து, புதிய இழையைச் செருகி, மீண்டும் முடிச்சிட வேண்டும். அந்த முடிச்சைப் போடும் நொதியோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்வதே பெனிசிலினின் வேலை. அறுப்பது தொடர்கிறது, முடிச்சிடுவது நின்றுவிடுகிறது. சுவர் பலவீனமாகிறது, நீர் உட்புகுகிறது, பாக்டீரியா வெடித்து அழிகிறது.

மனித செல்லுக்கு இத்தகைய சுவரே கிடையாது. ஆகவே பெனிசிலின், அமாக்சிசிலின் போன்றவை ஒவ்வாமை உள்ள சிலரைத் தவிர ஏனையோருக்குப் பெரும்பாலும் தீங்கின்றி வேலை செய்கின்றன. நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம் என்னும் நொதியும் இதே சுவரைத்தான் அரிக்கிறது. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இந்த நொதியைக் கண்டறிந்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

சுவர் எல்லா பாக்டீரியாவுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 1884இல் பெர்லினில் பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தெளிவாகக் காண்பதற்காக ஊதா நிறச் சாயம் ஏற்றி, அயோடின் இட்டு, ஆல்கஹாலால் கழுவிப் பார்த்தார். சில பாக்டீரியாக்கள் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டன, சில இழந்துவிட்டன. முதல் வகைக்குத் தடித்த சுவர் உண்டு. அவை கிராம் பாசிட்டிவ். இரண்டாம் வகைக்கு மெல்லிய சுவரும் அதற்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. அவை கிராம் நெகட்டிவ். இந்த வெளிச்சவ்வு ஒரு மதிலைப்போல் பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. அதில் உள்ள கொழுப்பு கலந்த ஒரு பொருள் இரத்தத்தில் மிகுதியாகக் கலந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரிடும். நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்த இந்தச் சாய முறையை ஆய்வக நுட்பநர்கள் இன்றும் அன்றாடம் செய்து வருகின்றனர். சில நிமிடங்களில் முடியும் அச்சோதனை, எந்த மருந்துக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு முதல் குறிப்பைத் தருகிறது.

காசநோய்க் கிருமி இவ்விரு வகையிலும் எளிதில் அடங்காது. அதன் சுவரின் மேல் மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகுத் தன்மை கொண்ட படலம் உண்டு. கிராம் சாயம் அதில் சரிவர ஏறாததால் சளி மாதிரியை வேறு முறையில் சிவப்புச் சாயமிட்டுப் பார்க்கிறோம். ஐசோனியாசிட் என்னும் காசநோய் மருந்து அந்த மெழுகு உருவாவதைத் தடுக்கிறது. இக்கிருமி ஒருமுறை பிரிவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மெல்ல வளர்வதும், சில கிருமிகள் வளராமலே உறங்கிக்கிடப்பதும், சிகிச்சை ஆறு மாதங்கள் நீள்வதற்குரிய காரணங்களில் முதன்மையானவை. மறுபுறம், மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவுக்குச் சுவரே இல்லை. அதனால் வரும் நிமோனியாவில் பெனிசிலின் குடும்ப மருந்துகள் பயன் தருவதில்லை.

சுவருக்கு அடுத்து மருத்துவம் குறிவைக்கும் இடம் ரைபோசோம். எல்லா உயிர்களிலும் புரதம் தயாரிக்கும் பட்டறை இதுவே. ஆயினும் பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதைவிடச் சிறியது, அமைப்பிலும் வேறுபட்டது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் ஆகியவை அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியே வேலை செய்கின்றன. ரிஃபாம்பிசின், மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியைத் தடுக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், டி.என்.ஏ. இழையின் முறுக்கைத் தளர்த்தும் நொதியைத் தடுக்கிறது.

நீந்த உதவும் கசையிழை, பற்றிக்கொள்ள உதவும் நுண்ணிழைகள் ஆகியவற்றை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. டெட்டனஸ் கிருமி போன்ற சில, கெட்டியான விதைபோன்ற உறக்க நிலைக்குச் செல்லவல்லவை என்பதை மட்டும் நினைவில் கொள்க. வெறும் கொதிநீர் அவ்விதைகளை நம்பகமாக அழிப்பதில்லை. அறுவைக் கருவிகளை 121 பாகை செல்சியஸ் நீராவியில் அழுத்தத்துடன் வைப்பது அதனால்தான்.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்பலாம். சளி, மூக்கொழுகல், பெரும்பாலான தொண்டை வலி ஆகியவற்றுக்குக் காரணம் வைரஸ். வைரஸ் ஒரு செல்லே அன்று. அதற்குச் சுவர் இல்லை, ரைபோசோம் இல்லை; நம் செல்லின் ரைபோசோமையே அது கடன் வாங்கிக்கொள்கிறது. மேலே கூறிய மருந்துகள் தாக்குவதற்கு அதில் இடமே இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி வேறு வகை. குழந்தைகளில் அது பின்னாளில் இதய வால்வுகளைப் பாதிக்கக்கூடும் என்பதால் பெனிசிலின் கட்டாயம் தேவை. அக்கிருமியிடம் பெனிசிலின் இன்றும் நன்கு வேலை செய்கிறது. மருத்துவர் தொண்டையில் சீழ்ப்புள்ளிகளைத் தேடுவதும், கழுத்தில் நெறிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பதும், இருமல் உண்டா என்று கேட்பதும் இவ்விரண்டையும் பிரித்தறியவே.

ஆர்க்கியா என்பவை யாவை?

நெடுங்காலம் உயிரியல் நூல்கள் உயிர்களை உட்கரு உள்ளவை, உட்கரு அற்றவை என்று இரண்டாகப் பிரித்தன. உட்கரு அற்றவை அனைத்தும் பாக்டீரியா என்று கருதப்பட்டன. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் இப்பிரிவினை போதாது என்று காட்டினர். அவர்கள் கையாண்ட முறை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர், ஒரே நூலின் பல ஓலைப்படிகளை அருகருகே வைத்து, எந்தெந்தப் படிகளில் ஒரே பிழை வருகிறது என்று நோக்கி, எது எதிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்று கண்டறிவர். வோஸ் அவ்வாறே எல்லா உயிர்களுக்கும் பொதுவான ரைபோசோமின் ஒரு பகுதியை எடுத்து, அதன் எழுத்து வரிசையை உயிருக்கு உயிர் ஒப்பிட்டார். மீத்தேன் வாயுவை உண்டாக்கும் சில 'பாக்டீரியாக்கள்' ஏனைய பாக்டீரியாவோடு சேராமல் தனித்து நின்றன. அவை மூன்றாவது ஒரு குலம் என்று அவர் முடிவு செய்தார். முதலில் ஆர்க்கிபாக்டீரியா என்று அழைக்கப்பட்ட அவை, 1990 முதல் ஆர்க்கியா என்று வழங்கப்படுகின்றன. அவை பாக்டீரியா அல்ல என்பதால் அச்சொல் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. தமிழில் இவற்றைத் தொல்லுயிரிகள் என்று எழுதுவோரும் உண்டு. அப்பெயர் சற்றுத் தவறான எண்ணத்தைத் தரும் என்பது என் கருத்து: இவை பாக்டீரியாவைவிடப் பழமையானவை என்று நிறுவப்படவில்லை, இன்றும் நம்மைச் சுற்றி ஏராளமாக வாழ்கின்றன.

உப்பு விளையும் பருவத்தில் உப்பளப் பாத்தியின் செறிந்த நீர் இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். அந்நிறத்தின் பெரும்பங்கு உப்பை விரும்பும் ஆர்க்கியாவால் வருவது. சாண எரிவாயுக் கலனில் சாணத்தைச் சிதைத்து அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுபவை பாக்டீரியா. அவற்றைக் கொண்டு எரியும் மீத்தேனை ஆக்கும் இறுதி வேலை ஆர்க்கியாவுடையது. மாட்டின் வயிற்றிலும் இதுவே நிகழ்கிறது. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஓர் ஆர்க்கியா, ஆய்வகத்தில் மிகுந்த அழுத்தத்தின் கீழ் 122 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் பெருகியது. மருத்துவமனையின் நீராவிக் கலன் 121 பாகையில் இயங்குவதை மேலே படித்தவர்கள் கவலைப்பட வேண்டாம். அந்த உயிரி ஆக்சிஜன் இல்லாத ஆழ்கடலுக்குரியது, நோய் செய்வதன்று.

இத்தகைய இடங்களில் அவை வாழ முடிவதற்கு அவற்றின் சவ்வு ஒரு முக்கியக் காரணம். பாக்டீரியாவின் சவ்விலும் நம் செல்லின் சவ்விலும் கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் என்னும் பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. ஆர்க்கியாவில் கிளைவிட்ட வேறு வகைக் கொழுப்புச் சங்கிலிகள், எளிதில் அறுபடாத ஈதர் பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. சில இனங்களில் சவ்வின் இரு அடுக்குகளும் ஊடே இணைந்து ஒரே அடுக்காகிவிடுகின்றன. சுவரிலும் பெப்டிடோகிளைக்கான் இல்லை. பலவற்றிற்குப் புரதத் தகடுகளால் ஆன மேலுறை உண்டு, சிலவற்றிற்கு அதைப்போன்ற வேறொரு வலை உண்டு. ஆகவே பெனிசிலின் அவற்றைத் தொடுவதில்லை. மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியோ பாக்டீரியாவுடையதைவிட நம்முடையதையே ஒத்திருக்கிறது. ரிஃபாம்பிசினுக்கும் அங்கே வேலையில்லை.

நம் உடலிலும் ஆர்க்கியா உண்டா என்றால், உண்டு. குடலில் வாழும் மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மிதீ என்பது அவற்றுள் முதன்மையானது. குடல் பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜனை உட்கொண்டு மீத்தேனை வெளியிடுகிறது. மூச்சில் மீத்தேன் மிகுந்திருப்போரிடம் மலச்சிக்கல் மிகுதியாகக் காணப்படுவதாக ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. ஆயினும் மனிதருக்கு ஒரு குறிப்பிட்ட நோயைத் தானே உண்டாக்குவதாக நிறுவப்பட்ட ஆர்க்கியா ஒன்றுகூட இதுவரை இல்லை.

நம் செல்லுக்குள் ஒரு பழைய பாக்டீரியா

நம் செல்களில் பெரும்பாலானவற்றில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்பு உள்ளது. அதற்கெனத் தனியே ஒரு வளைய டி.என்.ஏ. உண்டு, பாக்டீரியாவினுடையதை ஒத்த ரைபோசோமும் உண்டு. தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியா வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்து நிலைத்ததன் எச்சமே இது என்று லின் மார்குலிஸ் 1967இல் வாதிட்டார். இன்று அது ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. இடம் கொடுத்த செல் எது? நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே ஆழ்கடல் சேற்றில் கிடைத்த மரபணுக்களைக் கொண்டு 2015இல் அறிவிக்கப்பட்ட ஆர்க்கியாக் குழு ஒன்று, உட்கரு உள்ள உயிர்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட பல மரபணுக்களைக் கொண்டிருந்தது. அக்குழுவின் உறவினர் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையுடன் வளர்த்து 2020இல் வெளியிட்டனர். ஆக நம் செல், ஓர் ஆர்க்கியாவும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து அமைத்த குடும்பத்தின் வழிவந்தது என்றே இன்றைய சான்றுகள் காட்டுகின்றன.

இது வெறும் பழங்கதை அன்று. மருந்துச் சீட்டு எழுதும்போது குறுக்கிடும் செய்தி. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட், பாக்டீரியாவின் ரைபோசோமைத் தடுப்பது. நெடுநாள் உட்கொள்ளும்போது நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் அது ஓரளவு தடுக்கிறது. இரத்த அணுக்கள் குறைவதும், கால் மரத்துப்போவதும், பார்வை மங்குவதும் அதனால் நேரலாம். அம்மருந்தை உட்கொள்வோருக்கு மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்யப்படுவதை வீண் அலைச்சல் என்று கருதக் கூடாது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை ஊசிகள் சில குடும்பத்தினருக்கு ஓரிரு ஊசிகளிலேயே காது கேளாமையை உண்டாக்குவதற்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் உள்ள ஒரு மாற்றமே காரணம். அது தாய்வழியாக மட்டுமே வருவது. உங்கள் தாய், தாய்வழிப் பாட்டி, தாய்மாமன், சிற்றன்னை, உடன்பிறந்தோர் யாரேனும் ஊசிக்குப் பின் செவித்திறன் இழந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாக்டீரியா எவ்வாறு மாறுகிறது?

20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா, தடையின்றிப் பெருகினால் பத்து மணி நேரத்தில் முப்பது முறை இரட்டித்து நூறு கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் 46 இலட்சம் எழுத்துகளைப் படியெடுக்கும்போது எங்கோ ஓரிடத்தில் அரிதாகப் பிழை நேர்கிறது. பெரும்பாலான பிழைகளால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எப்போதாவது ஒரு பிழை, மருந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மருந்து இல்லாத இடத்தில் அந்தப் பாக்டீரியாவுக்குச் சிறப்பு ஏதும் இல்லை. மருந்து வந்தவுடன் மற்றவை மடிய, அது மட்டும் எஞ்சிப் பெருகுகிறது. மருந்து அப்பிழையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் பல மருந்துகள் என்பதற்கு இதிலேயே கணக்கு உண்டு. ஐசோனியாசிட்டை எதிர்க்கும் கிருமி சுமார் பத்து இலட்சத்தில் ஒன்று இயல்பாகவே தோன்றும். ரிஃபாம்பிசினை எதிர்ப்பது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் கோடிக்கணக்கான கிருமிகள் உண்டு. எனவே ஒரு மருந்தை மட்டும் தந்தால், அதை எதிர்க்கும் கிருமி உள்ளே காத்திருக்கும். இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி நூறு இலட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமிகள் எந்த உடலிலும் இல்லை. ஒரு மாத்திரை வாந்தி வரவழைக்கிறது என்று அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை விழுங்குவோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அறியாமலேயே இந்தக் கணக்கைக் குலைத்துவிடுகின்றனர். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்துவதற்கு முன் சுகாதார நிலையத்திற்கு வாருங்கள். மாற்றித் தர வழி உண்டு.

தன் பிழையை மட்டுமே நம்பியிருந்தால் பாக்டீரியா இத்தனை விரைவாக மருந்துகளை வென்றிருக்காது. அதனிடம் இன்னொரு வழி உள்ளது. முதன்மை டி.என்.ஏ.வைத் தவிரப் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையங்களும் பல பாக்டீரியாக்களில் உண்டு. ஒரு பாக்டீரியா நுண்ணிழை ஒன்றை நீட்டி அடுத்ததைப் பற்றி இழுத்து, பிளாஸ்மிடின் படியை அதற்குக் கொடுக்கவல்லது. பெறுவது வேறு இனமாக இருந்தாலும் தடையில்லை. 1950களில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகளிடம் நான்கு மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் ஷிகெல்லா கிருமி தோன்றியது. நான்கு தனித்தனிப் பிழைகள் ஒரே வேளையில் நேர்ந்திருக்க முடியாது என்று ஐயுற்ற ஆய்வாளர்கள், குடலிலுள்ள ஈ. கோலையிலிருந்து ஷிகெல்லாவுக்கு எதிர்ப்புத்திறன் முழுவதும் ஒரே கட்டாகக் கைமாறுவதை 1959இல் நிறுவினர்.

டைபாய்டின் வரலாறு இதை இன்னும் அருகில் கொண்டுவருகிறது. 1948 முதல் குளோராம்பெனிகால் டைபாய்டைக் குணப்படுத்தியது. 1972இல் மெக்சிகோவிலும் கேரளத்திலும் அம்மருந்தை எதிர்க்கும் டைபாய்டு பரவியது. 1980களின் இறுதியில் குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றையும் எதிர்க்கும் கிருமிகள் தெற்காசியாவில் பெருகின. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினோம், 1990களில் அதுவும் தளர்ந்தது. செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கு வந்தோம். 2016இன் இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் அந்த ஊசியையும் எதிர்க்கும் டைபாய்டு தோன்றியது. அதன் மரபணு வரிசையைப் படித்தபோது, ஈ. கோலை போன்ற குடல் பாக்டீரியாக்களிடம் காணப்படும் ஒரு பிளாஸ்மிடை அது புதிதாகப் பெற்றிருப்பது தெரிந்தது. அந்நோயாளிகளுக்கு வாய்வழி மருந்தாக எஞ்சியது பெரும்பாலும் அசித்ரோமைசின் ஒன்றே.

இந்த அசித்ரோமைசினைத்தான் நம்மில் பலர் சளிக்கும் இருமலுக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மூன்று நாட்கள் விழுங்குகிறோம். அதனால் சளி வைரசுக்கு ஒன்றும் நேர்வதில்லை. குடலில் உள்ள கோடானுகோடி ஈ. கோலை முதலியவற்றில் மருந்துக்கு அடங்கியவை மடிந்து, அடங்காதவை பெருகுகின்றன. அவை நமக்கு நோய் செய்யாமல் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கலாம். பின்னொரு நாள் குடிநீர் வழியே டைபாய்டு கிருமி உள்ளே வரும்போது, கொடுப்பதற்கு அவற்றிடம் பிளாஸ்மிட் ஆயத்தமாக இருக்கும். வீட்டில் ஒருவர் தேவையின்றி உட்கொண்ட மருந்தின் விளைவு, கழிப்பறையும் கைகளும் வழியாக அதே வீட்டுக் குழந்தையை அடைவதும் இயல்பே. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12.7 இலட்சம் இறப்புகளுக்கு மருந்து எதிர்ப்பு பாக்டீரியாவே நேரடிக் காரணம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

எதிர்ப்புத்திறன் மனிதன் உண்டாக்கிய ஒன்றன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பல ஆன்டிபயாடிக் மருந்துகள் மண்ணில் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் தமக்குள் போரிடத் தயாரித்தவை. தற்காப்பும் அவற்றோடே பிறந்தது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்திருந்த மண்ணில் பெனிசிலின் வகையையும் டெட்ராசைக்ளினையும் எதிர்க்கும் மரபணுக்கள் கிடைத்துள்ளன. மண்ணில் அரிதாகக் கிடந்த அவற்றை நம் குடலுக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துவந்தது எண்பது ஆண்டு கால மருந்துப் பயன்பாடு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் உட்கொள்ளக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் அட்டைகளில் இக்கோட்டைக் காணலாம். பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும், அண்டை வீட்டாரிடம் மீந்ததைப் பெறுவதும், பெரியவர் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குத் தருவதும் வேண்டாம். எத்தனை நாள் என்று எழுதப்பட்டுள்ளதோ அத்தனை நாள் உட்கொள்ளுங்கள். காசநோய் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் முழுக் காலத்திற்கும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தரப்படாமல் வீடு திரும்பியவர்கள், காய்ச்சல் மூன்று நாட்களைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, ஒருமுறை குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ தாமதிக்காமல் மறுபடி வர வேண்டும். வைரஸ் நோயின் மேல் பாக்டீரியாத் தொற்று சேர்வது உண்டு. அப்போது மருத்துவரின் முடிவும் மாறும்.

டைபாய்டு என்று ஐயம் எழுந்தால், முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் இரத்தக் கல்ச்சர் பரிசோதனைக்கு மாதிரி கொடுப்பது நல்லது. மருந்து உள்ளே சென்றபின் எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து அதற்கு அடங்கும் என்பதும் தெரியாமல் போகும். முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை ஒரு மருந்தைத் தந்துவிட்டு, முடிவு வந்தபின் மருத்துவர் வேறொன்றுக்கு மாற்றினால், முதலில் தந்தது தவறு என்று பொருளன்று. ஆய்வக அறிக்கையையும், ஏற்கெனவே உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் மறுமுறை வரும்போது கையோடு எடுத்து வாருங்கள்.